தூக்கிவிட ஆள் இல்லாத இடத்தில் ஒரு கல்

கேள்வி இதுதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், புளியமரத்தடியில் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல் வைத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர், பிள்ளைத்தாச்சி செத்ததற்கு நட்டது, அதன்மேல் உட்காராதே என்கிறார். டீக்கடைக்காரர் அத்தாணி என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் சோழர் காலத்து வாசல் என்றே எழுதிவிட்டார். ரோட்டை அகலப்படுத்த அளவெடுத்துக் குறி போட்டாயிற்று. இது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் மட்டும், ‘வெறும் மூன்று கல்தானே, விட்டுவிடலாமா’ என்று ஒரு வரி. உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலக்காடு ஜில்லாவில் 31 வருஷம் ரோடு வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறோ தொல்லியலோ படித்தவன் இல்லை. கல்லின் மட்டம், மண்ணின் மட்டம், ஒரு பாதை ஏன் இந்த இடத்தில் வளைகிறது, இதெல்லாம் என் தொழில். அதிலிருந்து சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மற்றதில் எது அனுமானம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வாசல் இல்லை. வாசல் என்றால் நிலைக்கல்லில் கதவு சுழலக் குழி இருக்கும், இரண்டு பக்கமும் சுவர் சேர்ந்த தடம் இருக்கும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை. மறையூர்ப் பக்கம் முனியறை என்று சொல்கிற பழங்காலத்துக் கற்திட்டையும் இல்லை. அது பலகைக்கற்களைச் சுற்றி நிறுத்தி மேலே மூடிய பெட்டி மாதிரி இருக்கும். உங்களுடையது இரண்டு கால், ஒரு குறுக்குக்கல், நாலு பக்கமும் திறப்பு, பாதையை ஒட்டிய இடம். இது சுமைதாங்கி. மலையாளத்தில் அத்தாணி, சுமடுதாங்கி. டீக்கடைக்காரர் சொன்னது சரி. நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தாணி என்று ஒரு ஊர், திருச்சூர்ப் பக்கம் இன்னொரு அத்தாணி. பெரியவர் சொன்னதும் தப்பென்று சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

சுமைதாங்கி என்றால் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் கல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பாதிதான். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அமுச்சியோடு, அதாவது பாட்டியோடு, சந்தைக்கு நடந்திருக்கிறேன். அவள் தலையில் நிலக்கடலை மூட்டை, என் கையில் அவளுடைய தூக்குப்போசி. பழைய சேலைக் கிழிசலை முறுக்கி வளையமாக்கிய சும்மாடு, அதன்மேல் மூட்டை. வழியில் நல்ல நிழல் வந்தது, கிணறு வந்தது, திண்ணை வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. எனக்குக் கால் வலித்து, “கொஞ்சம் எறக்கி வெச்சுட்டுப் போலாம் அமுச்சி” என்றேன். “எறக்கி வெச்சா ஏத்தியுட ஆரு வருவா, நீயா?” என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். முப்பது கிலோ மூட்டையைத் தலையிலிருந்து கீழே போட யாராலும் முடியும். தரையிலிருந்து திரும்பத் தலைக்கு ஏற்றத்தான் இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடக்கிறவருக்குத் தரையில் இறக்குவது என்பது அங்கேயே மாட்டிக்கொள்வது. சுமைதாங்கி அந்த இரண்டாவது ஆளின் வேலையைச் செய்கிறது. அமுச்சி கல்லுக்கு நேராக வந்து நின்றாள், முழங்காலை லேசாக மடித்தாள், மூட்டையின் அடி கல்லின் விளிம்பில் பட்டதும் தலையை ஒரு பக்கமாக உருவிக்கொண்டாள். சும்மாடு மூட்டையோடு கல்மேலேயே இருந்தது. தண்ணீர் குடித்தாள், வெற்றிலை போட்டாள். புறப்படும்போது மறுபடி முழங்காலை மடித்துத் தலையைக் கொடுத்து, இரண்டு கையாலும் மூட்டையை முன்னால் இழுத்து நிமிர்ந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. நான் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதனால்தான் அந்தக் கல்லின் உயரம் முக்கியம். ஐந்தடிக்குச் சற்று மேலே உள்ள ஆளுக்கு மேல்கல் நெற்றி மட்டத்தை ஒட்டி வர வேண்டும். நாலே முக்காலிலிருந்து ஐந்தடி வரை வைத்துக்கொள்ளுங்கள். நான் அளந்த நல்ல சுமைதாங்கிகளில், மண் மூடாதவற்றில், இந்த அளவைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் படத்தில் பக்கத்தில் நிற்பவரின் இடுப்பைத்தான் கல் தொடுகிறது. அதனால்தான் உட்காரும் பெஞ்சு மாதிரியும் குட்டி வாசல் மாதிரியும் தோன்றுகிறது. கல் குட்டையாகவில்லை, ரோடு உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ஜல்லி ஒரு அடுக்கு மூன்று அங்குலம், அதன்மேல் தார் முக்கால் அங்குலம். இப்படி அஞ்சாறு தடவை போட்டு, ஓரத்துக்கும் மண் நிரவினால் ஒன்றரை அடி தானாக ஏறிவிடும். நாங்கள் பழைய ரோட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டதே அபூர்வம், மேலுக்கு மேல்தான் போட்டோம். உங்கள் கல்லின் கால்கள் தார் மட்டத்துக்குக் கீழே இன்னும் ஒன்றரை அடிக்குக் குறையாமல் நிற்கும் என்பது என் கணக்கு. அதற்கும் கீழே அஸ்திவாரமாகப் புதைத்த நீளம் தனி.

சரி, யார் இப்படித் தலையில் சுமந்து இந்த வழியில் போனார்கள்? 1340களில் மலபார்க் கரையில் பயணம் செய்த இபின் பதூதா, இங்கே யாரும் மிருகத்தின்மேல் ஏறிப் போவதில்லை, வியாபாரிகளின் சரக்கைக் கூலி ஆட்கள்தான் சுமந்து போகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அரை மைலுக்கு ஒரு மரக்கட்டடம், உட்காரப் பலகை, பக்கத்தில் கிணறு, தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் என்றும் சொல்கிறார். அதே கிணற்றடியில் சிலருக்குப் பாத்திரத்திலும் முஸ்லிம்களுக்குக் கையிலும் ஊற்றியதையும் கவனித்திருக்கிறார். அது கடற்கரைச் சாலை. நம் பாலக்காட்டுக் கணவாய் வேறு மாதிரி. இங்கே மலை இடைவெளி விட்டிருப்பதால் பொதிமாடும் பிற்பாடு வண்டியும் கொங்குப் பக்கத்திலிருந்து தாராளமாக வந்தன. வேலந்தாவளம் என்ற பெயரிலேயே தாவளம் இருக்கிறது. தாவளம் என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். பொதிமாட்டுக்காரன் ஆட்களோடு வருவான், இறக்க ஏற்ற அவனுக்குக் கல் தேவையில்லை. ஆகவே இந்தக் கல் பெரிய வியாபாரத்தின் அடையாளம் இல்லை என்பது என் கருத்து. ஒரு மூட்டைக்கு மேல் சொந்தமாக எதுவும் இல்லாதவர், துணைக்கு ஆள் வைக்க வக்கில்லாதவர், பெரும்பாலும் பெண், தனியாக நடந்து வந்த வழி இது. இதைக் கல் எதுவும் எழுதிக் காட்டவில்லை. உயரத்தையும் உபயோகத்தையும் வைத்து நான் ஊகித்தது.

இப்போது பிள்ளைத்தாச்சி கதை. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள் அவள். வழியில் போகிறவர்கள் கல்லில் சுமையை இறக்க இறக்க அவளுடைய சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. பேர், யார் நினைவாக, எந்த வருஷம் என்று வெட்டிய கற்களும் உண்டு. அதற்காக ஒவ்வொரு சுமைதாங்கிக்கும் அடியில் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேண்டுதலுக்கு வைத்தவர்கள் உண்டு, தர்மத்துக்கு வைத்தவர்கள் உண்டு, சந்தைக்கு ஆள் வரட்டும் என்று வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். எழுத்து இல்லாத கல்லுக்கு வாய்ச்சொல்தான் சாட்சி, அதுவும் ஒரு வகைச் சாட்சிதான். பெரியவரிடம் ‘உண்மையா’ என்று கேட்காதீர்கள். யார் சொல்லிக் கேட்டீர்கள், அந்தப் பெண் எந்த வீட்டுக்காரி, அந்த வீட்டில் இன்றைக்கும் யாராவது ஆடி அமாவாசைக்கு வந்து விளக்கு வைக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டுப் பேர் வந்தால் கதைக்குக் கால் இருக்கிறது.

எழுத்து இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நட்டநடு வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், அல்லது ராத்திரி டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். தண்ணீர் மட்டும் தெளிக்கலாம். சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே வேண்டாம். 1080 மாதிரி ஒரு எண் தென்பட்டால் உடனே சோழன் என்று குதிக்க வேண்டாம். இது பழைய கொச்சி ராஜ்யம், மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு புழங்கிய இடம். 1080 என்றால் அதோடு 825 கூட்டி 1905, மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும். கல்லின் விளிம்பில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருந்தால் அது எழுத்து இல்லை, பாறையை ஆப்பு வைத்துப் பிளந்த தடம். அதை வைத்து வயது சொல்லவும் முடியாது. அதே மாதிரிதான் இன்றைக்கும் பிளக்கிறார்கள்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாம் ஒப்பிக்கிற 32 அறங்களின் பட்டியலில் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, மடம் இருக்கிறது, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுறிஞ்சுதறிகூட இருக்கிறது. சுமைதாங்கி இல்லை. மாட்டுக்கு முதுகு அரிக்கும் என்று தோன்றியவருக்கு மனுஷனுக்குக் கழுத்து வலிக்கும் என்று தோன்றவில்லையா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பட்டியல் போட்டவர் தலையில் சுமந்து நடந்தவராக இருக்க மாட்டார், அவ்வளவுதான். ஆனால் பட்டியலைக் கேட்காமலேயே ஊர் ஊராகக் கல் நட்டிருக்கிறார்கள்.

கல் தர்மம்தான், ஆனால் யாருக்கு? இதை விட்டுவிட்டு எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். என் அப்பாவின் அப்பா பண்ணையாள். அறுப்புக் காலத்தில் வயலிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து பத்தாயத்துக்கும் நெல் சுமந்தவர். “உங்க தாத்தா அந்தக் கல்லுல சுமை வெச்சதே இல்லடா, எங்களுக்குத் தாங்கி வரப்பு மேடுதான்” என்று அப்பா சொல்வார். கல்லை யாரும் தடுத்திருக்க வேண்டியதில்லை. கல் இருந்த பாதையில் நடப்பதே தடுக்கப்பட்டிருந்தது. கேரளத்தில் இன்ன சாதி இன்ன சாதியிலிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு நடைமுறையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். எதிரே பெரிய சாதிக்காரர் வந்தால் சுமையோடு பாதையை விட்டு வயலில் இறங்க வேண்டும். சேற்றில் தலைச்சுமையோடு இறங்கி ஏறிப் பார்த்தால்தான் அது என்ன என்று புரியும்.

அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் இங்கே ஒரே நாளில் இல்லை. பாலக்காடு கம்பெனி ஆட்சியில் இருந்ததால் 1843 சட்டம் அங்கே செல்லும். உங்கள் கல் இருக்கிற சித்தூர்ப் பக்கம் கொச்சி ராஜாவிடம் இருந்தது, கொச்சியில் 1854. திருவிதாங்கூரில் 1855. ஆள் விடுதலை ஆனார், பாதை ஆகவில்லை. 1893இல் ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர் அய்யங்காளி வில்லுவண்டி என்ற மாட்டுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டிக் காட்டியது வண்டியோட்டும் ஆசையால் அல்ல. வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று மூன்று பேர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கப் போய்க் கைதானார்கள். கோயிலுக்குள் போகக்கூட அன்று கேட்கவில்லை, தெருவில் நடக்கத்தான். ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காகச் சிறையில் இருந்தார். அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பாலக்காடு சென்னை மாகாணம் என்பதால் அது அங்கே பொருந்தும், சித்தூர் கொச்சி என்பதால் இங்கே பொருந்தாது. அதே காலத்தில்தான் பாலக்காட்டு அக்ரகாரமான கல்பாத்தித் தெருவில் நடப்பது பற்றிய தகராறும் மூண்டது. எங்கள் அமுச்சி 1960களில் அந்தக் கல்லில் மூட்டையைச் சாய்த்தாள் என்றால் அதற்கு முன்னால் இவ்வளவும் நடந்தாக வேண்டியிருந்தது. அவள் அதை நினைத்துப் பார்த்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குக் கடலை விற்றாக வேண்டும்.

அப்புறம் ரயில் வந்ததும் சுமை ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போத்தனூரிலிருந்து பட்டாம்பி வரை 1862இலேயே ரயில் ஓடியது. நெடுந்தூரச் சுமையைத்தான் ரயில் எடுத்துக்கொண்டது. ஸ்டேஷனிலிருந்து கடைக்கு, லாரியிலிருந்து கிட்டங்கிக்கு என்ற குட்டித் தூரமெல்லாம் தலைக்கே வந்து சேர்ந்தது. சுமட்டுத் தொழிலாளிக்குக் கேரளம் 1978இல் தனிச் சட்டமே போட்டது. வேலை செய்யாமலே கேட்கிற நோக்குகூலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதை 2018 மே 1 முதல் அரசே தடை செய்தது, சரியான காரியம். ஆனால் வளர்ந்த ஒரு ஆண் சுமக்க 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் சொன்ன பிறகும் அதற்கு மேற்பட்ட சாக்குகள் எத்தனை கழுத்தில் ஏறின என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. என்னோடு வேலை செய்தவர்கள் 50 கிலோ சிமென்ட் மூட்டையை ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குவார்கள் என்று நான் எண்ணியதே இல்லை. மூட்டைகளைத்தான் எண்ணினேன், அதுதான் ரெஜிஸ்டரில் ஏற வேண்டியது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் நடுவில் ஒரு கிராமத்து ரோட்டை அகலப்படுத்தினோம். ஓரத்தில் உங்களுடையதைப் போலவே ஒன்று நின்றது. ஆறடி நீளத்துக்குக் குறையாத மேல்கல், நல்ல கருங்கல். பக்கத்தில் தண்ணீர் போக ஒரு சின்ன ஓடைப்பாலம் கட்ட வேண்டியிருந்தது, மூடுகல் வந்து சேரவில்லை. கடப்பாரை போட்டுப் பெயர்த்து அந்தக் கல்லையே மூடுகல்லாக வைக்கச் சொன்னவன் நான்தான். எங்கள் ஆட்கள் கல்வெர்ட்டைக் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். சுமைதாங்கி அப்படித்தான் என் கையால் கல்வெட்டானது. அடிப்பக்கம் எழுத்து இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஊரில் ஒரு கிழவி மட்டும் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் யார் என்று நான் கேட்டிருக்கலாம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: விட்டுவிடாதீர்கள். ஆனால் சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். நூறு வருஷம் தாண்டினாலும் அரசு அறிவிக்கை இல்லாமல் ஒரு கல் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகாது. ரோடு வேண்டாம் என்று சண்டைக்குப் போவதும் வீண், ஊருக்கு ரோடு வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருவதற்கு முன்னால் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள், படத்தோடும் அளவோடும், பெரியவர் சொன்ன கதையோடும். கேட்பது சின்னக் கோரிக்கையாக இருக்கட்டும்: அதே பக்கத்தில், அகலப்படுத்திய எல்லைக்கு வெளியே, அதே கற்களை நட்டுத் தர வேண்டும். ஒரு ஜேசிபிக்கு அரை நாள் வேலை கூட இல்லை. சைட்டில் இருக்கிற ஓவர்சியரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நல்லவராக இருந்தால் எஸ்டிமேட்டில் சேர்க்காமலே முடித்துக் கொடுப்பார்.

திரும்ப நடும்போது ஒன்றே ஒன்றில் விட்டுக் கொடுக்காதீர்கள். இப்போது தெரிகிற இடுப்பு உயரத்துக்கு நட்டுவிடுவார்கள், அதுதான் அவர்கள் கண்ணுக்குப் பழக்கம். அளவைத் தார் மட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு காலை ஒட்டி இரண்டடிக் குழி தோண்டுங்கள். நிறம் மாறி, ஜல்லி இல்லாத கெட்டியான பழைய மண் வரும், அங்கிருந்து மேல்கல்லின் மேல்மட்டம் வரை டேப்பைப் பிடியுங்கள். எத்தனை அடி வருகிறது என்று இங்கே எழுதுங்கள். நாலே முக்காலுக்குக் குறைந்தால் குழியை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.